அப்பாவின் சிவப்புப் பூட்டு

மக்கா ஜெரின்,

இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். ஞாயிறு தவறாமல் உன்னைக் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு தமிழ்ப் பள்ளிக்கு அலைந்தவள் நான். அந்தப் பாவத்துக்காவது நீ எழுத்துக் கூட்டி இதைப் படித்துத்தான் ஆகவேண்டும். புரியாத இடத்தில் காவ்யாவைக் கேள். கோயம்புத்தூர்ப் பெண், உன்னைவிட நன்றாகவே படிப்பாள். அவளுக்குத் தெரியக்கூடாத எதையும் நான் எழுதப்போவதில்லை. உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவள், எப்படிப்பட்ட வீட்டுக்குள் வருகிறோம் என்று அவளும் தெரிந்துகொள்ளட்டும்.

நேற்று போனில் நீ சொன்னாய்: "அம்மா, இந்த வருஷம் யூனியன் சர்ச் சர்வீஸுக்கு நான் வர்றேன். டிக்கெட் புக் பண்ணிட்டேன். அப்பாவோட லாக்கை நானே ஓப்பன் பண்றேன். வெட்டிங்குக்கு முன்னாடி இது முடியணும்." நான் "செரி மக்கா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.  அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட வாசனை வந்த பிறகுதான் பார்த்தேன். நீ வருவதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தக் கோயிலுக்குள், நீ சொல்கிற சர்ச்சுக்குள், எனக்கு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. போனில் ஆரம்பித்தால் "அம்மா, ப்ளீஸ்" என்று பாதியிலேயே நிறுத்திவிடுவாய். அதனால்தான் கடிதம்.

முதலில் ஒன்று கேட்கிறேன். உன் அப்பா லிஃப்ட் மெக்கானிக் என்று காவ்யா வீட்டில் நேராகச் சொன்னாயா, இல்லை "எலிவேட்டர் இண்டஸ்ட்ரி" என்று மழுப்பினாயா? இங்கே ஐசலின் நகைக்கடையில் ஒரு ஆன்ட்டி என்னிடம் கேட்டார், "அங்கிள் இப்போ எந்த ப்ராஜெக்ட்ல இருக்கார்?" என்று. "நெவார்க்ல ஒரு பழைய பில்டிங்ல, லிஃப்ட் குழிக்குள்ள இருக்கார்" என்றேன். அந்த முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! நாகர்கோவிலில் ஐடிஐ படித்து, சென்னையில் லிஃப்ட் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மனுஷன். நர்ஸ் வேலைக்கு எனக்கு விசா கிடைத்தது என்பதற்காக என் பின்னால் கிளம்பி வந்தார். கிரீன் கார்டு வரும்வரை வீட்டில் உட்கார்ந்து உனக்கு டயபர் மாற்றினார். வந்த பிறகு லிஃப்ட் மெக்கானிக்குகளின் யூனியன் தேர்வு எழுதி உள்ளே போனார். ஒரு நாளும் அதைக் குறைவாக நினைத்தவர் இல்லை. நீயும் நினைக்காதே.

அவர்கள் வேலையில் ஒரு விதி உண்டு. லிஃப்ட்டில் கை வைக்கும் முன் மெயின் ஸ்விட்சை அணைத்து, அதன் கைப்பிடியில் ஒவ்வொருவரும் தன் சொந்தப் பூட்டை மாட்டவேண்டும். சிவப்புப் பூட்டு. அதில் தொங்கும் அட்டையில் அவரவர் போட்டோவும் பெயரும் இருக்கும். மாட்டியவர்தான் திறக்கவேண்டும், வேறு எவரும் தொடக்கூடாது. பூட்டுக் கிடக்கிறது என்றால் அந்த ஆள் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். திறக்கும் முன், "மேலே யாராவது?" என்று உள்நோக்கிச் சத்தம் கொடுக்கவேண்டும். உள்ளே இருப்பவன் "இருக்கேன்" என்றால் போதாது, தன் பெயரைச் சொல்லவேண்டும். பதில் வந்துவிட்டால் அவன் இறங்கி வரும்வரை யாரும் கரண்டைப் போடமாட்டார்கள்.

இந்த விதியை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்ததை நீ மறந்திருக்கமாட்டாய். எடிசன் வாடகை வீட்டில் பேஸ்மென்ட்டில் நின்றுகொண்டு, ஃப்யூஸ் பெட்டியில் கை வைக்கும் முன் கத்துவார்: "மேல ஆரு உண்டு?" நீ ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, "அப்பா, நான்தான், வேற யாரு!" என்பாய். "பேரைச் சொல்லுல!" "அப்பா, இது நம்ம வீடு!" "பேரைச் சொல்லாம நான் தொடமாட்டேன்." கடைசியில் நீ எரிச்சலோடு "ஜெரின்!" என்று அலறுவாய். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. ஆனால் அதே மனுஷன், நான் சாப்பிடக் கூப்பிட்டால் மட்டும் எந்த விதிக்கும் கட்டுப்படமாட்டார். "ஏங்க, சோறு ஆறுது" என்றால் "நில்லுட்டி, வாறேன்" என்று ஒரு சத்தம் வரும். ஆள் வராது. மீன்குழம்பை மறுபடி சுடவைப்பேன். எங்கள் குடித்தனத்தில் எனக்கு அதிகம் கிடைத்த பதில் அதுதான். காவ்யா கூப்பிட்டால் நீயும் ஒரு சத்தம் கொடு. வர நேரமானாலும் பரவாயில்லை. சத்தம் வராத வீட்டில் மனுஷி இருக்க முடியாது, மக்கா. நான் இருந்து பார்த்துவிட்டேன்.

அவர் போன நாளை நீயும் அறிவாய், இருந்தாலும் காவ்யாவுக்காகச் சொல்கிறேன். ஒரு பழைய அடுக்குமாடியில் அவர் மொட்டைமாடி மெஷின் ரூமில் இருந்தார். டோனி அங்கிள் கீழே குழிக்குள். டோனி அப்பாவின் வேலை ஜோடி, இத்தாலியக் குடும்பத்து ஆள், அப்பா வேலையில் சேர்ந்த நாள் முதல் கூடவே போய் வந்தவர். வேலை முடிந்து டோனி சத்தம் கொடுத்திருக்கிறார். பதில் இல்லை. படியேறிப் போய்ப் பார்த்தபோது அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஹார்ட். பூட்டு ஸ்விட்சில் கிடந்தது, சாவி சட்டைப் பையில் இருந்தது. மேல்மாடிகளில் வயதானவர்கள் இருக்கிறார்கள், பூட்டை வெட்டுங்கள் என்று பில்டிங் மேனேஜர் கெஞ்சினாராம். வெட்டுகிற கருவி வேனிலேயே இருந்தது. டோனியும் மற்ற யூனியன்காரர்களும் வெட்டவில்லை. கட்டிடத்துக்கே கரண்டை நிறுத்தி, அந்த ஸ்விட்ச் பெட்டியைச் சுவரிலிருந்து பூட்டோடு கழற்றி எடுத்துக்கொண்டு, வேறு பெட்டி மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். "இட்ஸ் ஜஸ்ட் அ பேட்லாக், அம்மா" என்று நீ அன்றைக்கு என்னிடம் கத்தினாய். உன் துக்கம் அப்படி வந்தது, நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்படிக் கழற்றிய பெட்டியைத்தான் வருஷா வருஷம் ஜெர்சி சிட்டி கோயிலுக்குக் கொண்டுபோகிறார்கள். நீ சின்னப் பிள்ளையாக வந்து என் மடியில் தூங்கியதோடு சரி. இலை உதிரும் காலத்தில் ஒரு ஞாயிறு, யூனியன்காரர்கள் குடும்பத்தோடு வருவார்கள். பூசை தொடங்கும் முன் கோயிலின் மெயின் ஸ்விட்சையே அணைத்துவிடுவார்கள். விளக்கு கிடையாது, மைக் கிடையாது, ஆர்கன் கிடையாது. வண்ணக் கண்ணாடி வழியே வரும் வெளிச்சமும் பீடத்து மெழுகுவர்த்தியும்தான். பீடத்துக்கு முன்னால் ஒரு இரும்புக் கம்பி குறுக்கே பொருத்தியிருக்கும். கோட்டு போட்ட மெக்கானிக்குகள் வரிசையாக வந்து அவரவர் பூட்டை அதில் மாட்டி அழுத்துவார்கள். நூற்றுக்கணக்கான பூட்டு ஒவ்வொன்றாகக் கடிக்கிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இருக்காது. கைக்குழந்தைகூட அழாது, எப்படி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இறந்தவர்களின் பூட்டைத் தோழர்கள் சிவப்புத் துணியில் ஏந்தி வந்து அதே கம்பியில் தொங்கவிடுவார்கள், அப்பாவுடையதை மட்டும் பெட்டியோடு. அட்டையில் இருக்கும் போட்டோக்கள் நம்மைப் பார்த்துக்கொண்டே ஆடும்.

பூசை முடிந்ததும் ஒருவர் மணிக்கூண்டுக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து, "மேலே யாராவது?" என்று ஆங்கிலத்தில் கூப்பிடுவார். இப்போதெல்லாம் டோனிதான். கூப்பிட்டபின் காத்திருக்கவேண்டும். பதில் வராவிட்டால் இறந்தவர் பத்திரமாக இறங்கிவிட்டார் என்று பொருள். வீட்டார் போய் அவருடைய பூட்டைத் திறப்பார்கள், பிறகு மற்றவர்கள் தங்களுடையதை. கம்பி காலியானதும் விளக்கெல்லாம் ஒரே சமயத்தில் எரியும், ஆர்கன் முழங்கும், எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுவார்கள். ஆனால் ஒரே ஒரு பூட்டு மிச்சமிருந்தாலும் கரண்டைப் போடமாட்டார்கள். உன் அப்பாவின் பூட்டு மூன்று வருஷமாகத் திறக்கவில்லை. மூன்று வருஷமாக அத்தனை குடும்பங்களும் அரை இருட்டில் எழுந்து, பாட்டில்லாமல், வாசல் வெளிச்சத்தைப் பார்த்து நடந்து வெளியே போகிறார்கள். "அம்மா இன்னும் ரெடியாகலை" என்று டோனி உன்னிடம் சொன்னது மரியாதைக்காக. நடந்தது வேறு.

முதல் வருஷம் நான் தைரியமாகத்தான் போனேன். நான் நர்ஸ், மக்கா. செத்தவர்களைத் துடைத்து, கண்ணை மூடிவிட்டு, கை கழுவிவிட்டுச் சாப்பிடப் போனவள். ஆவி, பேய் என்று யாராவது சொன்னால் சும்மா கிடவுங்கோ என்று வாயை அடைக்கிறவள். சாவியைப் பூட்டில் நுழைத்துவிட்டேன். டோனி கூப்பிட்டார். அவர் குரல் கல் சுவரில் மோதி மேலே ஏறிப் போய் அடங்கிற்று. அடங்கின இடத்திலிருந்து, பாட்டுக்காரர்கள் நிற்கும் மேல்மாடத்திலிருந்து, "நில்லுட்டி, வாறேன்" என்றது. பயமுறுத்துகிற குரல் இல்லை. பல்லில் ஸ்க்ரூவைக் கடித்துக்கொண்டு பேசுவாரே, அந்தக் குரல். கொஞ்சம் எரிச்சல்கூட இருந்தது, வேலைக்கு நடுவில் கூப்பிட்டுவிட்டேனே என்று. நான் சாவியை உருவிவிட்டேன். "ஹோல்ட்" என்று என் வாய் சொல்லிற்று. அது அவர்கள் வேலைச் சொல், எனக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை. கோயிலே அசையாமல் நின்றது. டோனி அருகில் வந்து, மிகவும் மெதுவாக, "பெயர் சொன்னாரா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பெட்டியைச் சிவப்புத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார். எல்லோரும் எழுந்து இருட்டில் வெளியே நடந்தார்கள்.

பார்க்கிங்கில் டோனி என் கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மேல்மாடம் பூட்டித்தான் இருந்தது, சாவி என்கிட்ட. ஆனா ஒரு ஆள் பலகை மேல ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடையை மாத்தினா எப்படிச் சத்தம் வரும்னு எனக்குத் தெரியும். டேக் யுவர் டைம்" என்றார். சிலுவை போட்டுக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றி எங்களுக்குள் பேச்சே இல்லை.

அந்த வாரத்திலிருந்துதான், எடிசன் வீட்டுக்குப் பிறகு நாம் குடிவந்த இந்த பில்டிங்கின் லிஃப்ட்டும் ஆரம்பித்தது. நான் காலையில் காப்பி போடும் நேரத்துக்கு, அதாவது அவர் வேலைக்குக் கிளம்பும் நேரத்துக்கு, நம் மாடியில் வந்து நிற்கும். கதவு திறக்கும். யாரும் இருக்கமாட்டார்கள். ஒருவர் ஷூ லேஸைக் கட்டி முடிக்கிற நேரம் திறந்தே கிடக்கும், அப்புறம் மூடிக்கொண்டு கீழே போகும். உன்னிடம் சொன்னபோது, "பார்க்கிங் ஃப்ளோர்னு ஒரு செட்டிங் இருக்கும்மா, ஆள் இல்லாதப்போ லிஃப்ட் எங்க போய் நிக்கணும்னு, சாஃப்ட்வேர்தான்" என்றாய். டோனி வந்து பார்த்தார். செட்டிங் கிரவுண்ட் ஃப்ளோரில்தான் இருந்தது. "இந்த மாடியில நிக்காதபடி பண்ணட்டுமா?" என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். உன்னோடு ஃபிரிஸ்கோவுக்கு வந்து இருக்கச் சொல்லி நீ எத்தனை முறை கூப்பிட்டிருப்பாய்! முழங்கால் வலி, ஃப்ளைட்டில் உட்கார முடியாது என்று எதையோ சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை இதுதான். உன் வீடு தரையோடு தரையாகப் பரந்து கிடக்கிறது, உன் தெருவிலேயே ஒரு மாடி கிடையாது. அங்கே வந்தால் அவர் எதில் வருவார்? இதைப் படித்துவிட்டு டாக்டர் அப்பாயின்ட்மென்ட் வாங்க ஓடாதே. முழுதாகப் படி.

இரண்டாம் வருஷமும் அதே குரல், அதே சொல். ஆனால் மேல்மாடத்திலிருந்து இல்லை, அங்கே ஏறுகிற வளைந்த படிக்கட்டிலிருந்து. பாதி வழி இறங்கியிருந்தார். இறங்குகிறவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. எனக்குப் பயமே வரவில்லை, சந்தோஷமாக இருந்தது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. வாறேன் என்று சொல்லிவிட்டு வராத மனுஷன் முதல் தடவையாக நிஜமாகவே வந்துகொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். அந்த வருஷம் முழுக்க அந்த நினைப்பிலேயே ஓடிற்று. அவருக்குப் பிடித்த நெத்திலிக் கருவாட்டைத் தேடி, நம்மூர்க் கடைகள் இருக்கும் ஓக் ட்ரீ ரோடு முழுக்க அலைந்தேன். கோயிலில் கரண்ட் இல்லாமல் போகிறதே, மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை.

போன வருஷம் என் பக்கத்தில் ஒரு சின்ன வயசுப் பெண் உட்கார்ந்திருந்தாள். ஐந்து வயசு மகளைக் கையில் பிடித்திருந்தாள். அவள் கணவனின் பூட்டு முதல் தடவையாக அந்த வருஷம் வந்திருந்தது. டோனி கூப்பிட்டார். நான் படிக்கட்டுப் பக்கம் காதைத் திருப்பினேன். ஒன்றுமில்லை. அப்புறம் கேட்டது, "நில்லுட்டி, வாறேன்" என்று. படிக்கட்டில் இல்லை, தூணுக்குப் பின்னால் இல்லை, அத்தனை பக்கத்தில், என் கழுத்துக்குக் கீழே எங்கோ.  வந்துவிட்டார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அந்தப் பெண் என் கையைத் தொட்டாள். "சாரி, நீங்க ஏதாவது சொன்னீங்களா?" என்றாள். கண்ணைத் திறந்தேன். என் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. நாக்கில் இரும்பு ருசி. ஸ்க்ரூவைக் கடித்தால் வருமே, அந்த ருசி.

அவள் போய்த் தன் கணவனின் பூட்டைத் திறந்தாள்.  திறந்துவிட்டு விளக்குக்காக மேலே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் மகளும் பார்த்தாள். விளக்கு எரியவில்லை, ஏனென்றால் கம்பியில் உன் அப்பா தொங்கிக்கொண்டிருந்தார். "மம்மி, டாடி இறங்கலையா?" என்று அந்தக் குழந்தை கேட்டது. அவள் அதற்கு என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. இருட்டில் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். லிஃப்ட் வந்து நிற்கிற ஒவ்வொரு காலையிலும் எனக்கு இப்போது அந்தக் குழந்தையின் முகம்தான் வருகிறது.

மேல்மாடத்திலிருந்து இறங்கி இறங்கி என் வாய்வரைக்கும் வந்துவிட்டார், மக்கா. இனி இறங்க இடமில்லை. அது அவரா, நானா? சத்தியமாக எனக்குத் தெரியாது. டோனி கேட்ட பலகைச் சத்தத்தை என்ன செய்வது, லிஃப்ட்டை என்ன செய்வது என்றும் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். என் கையில் சாவி இருக்கும்வரை அந்தக் குரல் கேட்கும். இந்த வருஷமும் கேட்கும், அடுத்த வருஷமும் கேட்கும். நான் கேட்டுக்கொண்டே இருப்பேன், ஒவ்வொரு வருஷமும் யாரோ ஒரு குழந்தை இருட்டில் வெளியே போகும், உன் அப்பா வேலை முடிந்தும் வீட்டுக்கு விடாமல் நிறுத்திவைக்கப்பட்ட ஆள் மாதிரி அந்தக் கம்பியிலேயே நிற்பார். எத்தனை நேரம்தான் ஒரு மனுஷன் நிற்பார், சொல்லு.

ஆகவே நீ வா. சாவியை ஏர்போர்ட்டிலேயே உன்னிடம் கொடுத்துவிடுகிறேன், கோயில்வரை அது என் பையில் இருக்கவேண்டாம். காவ்யாவையும் கூட்டிக்கொண்டு வா. டோனி கூப்பிட்டதும் அவசரப்படாதே. நன்றாகக் கேள். உனக்கு நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, உன் அப்பாவுக்காகக் கேள். உனக்கு ஏதாவது கேட்டால், உன் காதுக்கே கேட்டால், பூட்டைத் திறக்காதே, ஹோல்ட் என்று சொல்லிவிடு, நான் ஏன் என்று கேட்கமாட்டேன். உனக்கு எதுவும் கேட்காவிட்டால் என் முகத்தைப் பார்க்காதே. நான் உன் கையைப் பிடிப்பேன். "நில்லுல, அப்பா வாறாரு" என்பேன். அழுவேன், கெஞ்சுவேன், அப்பாவின் குரலிலேயே பேசினாலும் பேசுவேன். அம்மா சொன்னதைக் கேட்கவேண்டும் என்று சொல்லிச் சொல்லி உன்னை வளர்த்தேன். அந்த ஒரு நிமிஷம் மட்டும் கேட்காதே. என் கையைத் தட்டிவிட்டுச் சாவியைத் திருப்பு. திருப்பின பிறகு கையைப் பிடித்துக்கொள்.

அம்மா